ஒரே சட்டை, ஒரே சென்ட், இரண்டு பேர்: அளவெடுப்பதிலிருந்து துவைப்பது வரை

ஓணத்துக்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் தையல் கடைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். அண்ணன் தங்கை, புதிதாகக் கல்யாணமானவர்கள், சில சமயம் அம்மாவும் மகனும். “அக்கா, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போடற மாதிரி ஒரே சட்டை தைக்க முடியுமா?” என்பார்கள். இருவருக்கும் பொதுவாக என்று ஒரு சென்ட் பாட்டிலை ஏற்கெனவே வாங்கிக் கையில் வைத்திருப்பார்கள்.

தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. சென்ட் கடைசியில் வர வேண்டியது. உடம்போடு ஒட்டும் பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பவர் மேல் ஒரு சென்ட் மணக்கும் விதம் வேறு, காற்றோடும் பருத்திச் சட்டைக்குள் அதே சென்ட் மணக்கும் விதம் வேறு. துணி முடிவாகாமல் சென்ட் வாங்கினால் குருட்டடி. அதனால் அளவு, துணி, வெட்டு, பிறகு சென்ட் என்ற வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு, இருவருக்கும் நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை அல்லது டாப் தலா ஒன்று. பழைய துணி எதற்கு என்றால், உடம்பளவு மட்டும் வைத்து வெட்டும்போது எவ்வளவு லூஸ் அவருக்குப் பிடிக்கும் என்பது தெரியாது. பிடித்த சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் அது தெரிந்துவிடும்.

வாசனை இல்லாத குளியல் சோப்பு ஒன்று. இது சென்ட் சோதிக்கும் வாரத்துக்கு.

முக்கியமாக, மூன்று வாரம் நேரம். துணியை நனைத்து உலர்த்தத் தனியாக நாள் வேண்டும், தைக்க ஒரு வாரம், சென்ட் சோதனைக்குக் குறைந்தது ஐந்து நாள். ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று காலையில் துணியோடு வந்து நிற்பவர்களுக்கு நான் சாதாரணச் சட்டைதான் தைத்துக் கொடுப்பேன்.

2. இரண்டு உடம்பையும் அளங்கள், சைஸ் எழுத்தை நம்பாதீர்கள்

எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகள் ஆண்கள் பிரிவில் ஒன்றும் பெண்கள் பிரிவில் வேறொன்றும் சொல்லும். கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். நானே ஆரம்பத்தில் இதில் விழுந்திருக்கிறேன். அண்ணனுக்கு எல் சரியாக இருந்தது, தங்கை மெலிந்தவள், எல் போட்டால் லூஸாகத்தானே இருக்கும் என்று அவன் அளவிலேயே வெட்டிவிட்டேன். தோளில் தொளதொளவென்று தொங்கிய சட்டை, கீழே கடைசி இரண்டு பட்டன் போட முடியாமல் விரிந்து நின்றது. பண்டிகைக்கு முந்தின ராத்திரி மிச்சத் துணியில் முக்கோணப் பட்டி வெட்டி இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்தேன்.

எடுக்க வேண்டியவை: தோள், கழுத்து, மார்பு, சீட் (பின்புறம் அகலமான இடத்துச் சுற்றளவு), கை நீளம், தோளிலிருந்து சட்டை முடிய வேண்டிய உயரம். பெண்ணுக்கு மார்பளவு எடுக்கும்போது அந்தச் சட்டைக்குள் என்ன போடப்போகிறாரோ அதையே போட்டுக்கொண்டு நிற்கட்டும். சீட் அளவை இரண்டு முறை எடுங்கள், நின்று ஒன்று, ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று. உட்காரும்போது ஓரிரு இஞ்ச் கூடும். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது அளவுதான் சட்டையைக் காப்பாற்றும்.

இப்போது யாருடைய அளவில் எதை எடுப்பது? ஒரு உண்மையான நோட்டுப் பக்கத்தையே காட்டுகிறேன். அண்ணன்: தோள் 18, மார்பு 40, சீட் 38, கை 24. தங்கை: தோள் 15, மார்பு 36, சீட் 41 (உட்கார்ந்தால் 42½), கை 21½. எல்லாம் இஞ்ச்.

தோள் பெரியவருடையது, அதாவது 18. தங்கை போடும்போது தோள் தையல் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் கீழே இறங்கும். கடைகளில் ‘டிராப் ஷோல்டர்’ என்று காசு வாங்கி விற்பது இதைத்தான். சின்னவர் தோளில் வெட்டினால் பெரியவருக்குக் கையே தூக்க முடியாது, அதைச் சரிசெய்ய வழியும் இல்லை.

மார்பு பெரியவர் அளவோடு 6 இஞ்ச்: 40 + 6 = 46. சீட், உட்கார்ந்த அளவில் பெரியதோடு குறைந்தது 3 இஞ்ச்: 42½ + 3 = 45½. இரண்டில் எது பெரிதோ அதுவே மேலிருந்து கீழ்வரை ஒரே சுற்றளவு, இங்கே 46. இடையில் ஒடுக்க வேண்டாம். ஒடுக்கினால் அது ஒருவரின் இடை இருக்கும் உயரத்தில்தான் வரும், இன்னொருவருக்கு வயிற்றில் விழும்.

கை நீளத்தில் பலர் ஏமாறுவார்கள். அண்ணனின் 24 இஞ்சை அப்படியே வைத்தால், தங்கைக்குத் தோள் இறங்கிய ஒன்றரையும் சேர்ந்து கை 4 இஞ்ச் நீளமாகத் தொங்கும். 23 வைத்து, உள்பக்கம் ஒரு சின்னப் பட்டி, வெளியே ஒரு பட்டன் கொடுங்கள். முழங்கை வரை சுருட்டி மாட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊர் வெயிலில் இருவருமே சுருட்டித்தான் போடுவார்கள்.

தோள் வித்தியாசம் 4 இஞ்சுக்கு மேல் போனால் சட்டையை விட்டுவிடுங்கள். முண்டும் (கேரள வேட்டி) மேல்துண்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, சட்டையை ஒரே துணியில் தனித்தனியாகத் தைப்பதுதான் நல்லது. அந்த யோசனையைச் சொன்னால் முகம் கொஞ்சம் வாடும், பரவாயில்லை.

3. துணி

பருத்தி. வேறு யோசிக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், வாளையார் கணவாய் வழியாக வரும் காற்றும் சுடும். அதைவிட முக்கியம், பாலியஸ்டர் வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடப்போகும் சட்டைக்கு அது ஆகவே ஆகாது.

கைத்தறி வேண்டுமென்றால் திருவில்வாமலைக்குப் பக்கத்தில் குத்தாம்புள்ளி இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற நெசவு ஊர். அங்கே சேலையும் முண்டும் செட்டுமுண்டும்தான் (இரண்டு துண்டாக உடுத்தும் சேலை) பெரும்பாலும். சட்டைக்கு 8 முழ டபுள் முண்டு ஒன்றை எடுத்து வெட்டலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முண்டின் கரை நீளவாட்டில் ஓரத்தோடு ஓடும். சட்டையை நீளவாட்டில் வெட்டினால் கரை செங்குத்தாக வரும், அதை முன் பட்டன் பட்டியில் வைத்தால் அழகு. கரை கீழ் ஓரத்தில் வர வேண்டுமென்றால் துணியைத் திருப்பி, அகலவாட்டில் சட்டை உயரத்தை வைக்க வேண்டும். கத்தரி வைத்த பிறகு இதை யோசித்துப் பயனில்லை.

வெள்ளை எடுப்பவர்கள் துணியை உள்ளங்கை மேல் விரித்துப் பாருங்கள். ரேகை தெரிந்தால் அந்தத் துணி ஆணுக்கு மட்டும் ஆகும், பெண் உள்ளே இன்னொன்று போட வேண்டியிருக்கும், அப்புறம் அவள் அந்தச் சட்டையைத் தொடவே மாட்டாள். ரேகை மறையும் அளவு நெருக்கமான நெசவு எடுங்கள்.

46 சுற்றளவுச் சட்டைக்கு எவ்வளவு துணி? 36 இஞ்ச் அகலமென்றால் மூன்றேகால் மீட்டர். முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று என்று அகலத்துக்கு ஒன்றுதான் விழும். கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். 58 இஞ்ச் அகலமென்றால் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிடும், இரண்டு மீட்டர் போதும். சாதாரணச் சட்டைக்கு வாங்கும் இரண்டேகால் மீட்டரை 36 அகலத்தில் வாங்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அதில் கை வராது.

வெட்டும் முன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயர்ன் பண்ணுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், கைத்தறி இன்னும் கொஞ்சம் கூடவே சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த அந்த மூன்று இஞ்ச் லூஸ்தான் முதலில் காணாமல் போகும். சாயத் துணியென்றால் நனைத்த தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். இரண்டாவது நனைப்பிலும் சாயம் போனால் கல் உப்பை நம்பிக்கொண்டிருக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

4. வெட்டிலும் தையலிலும் மாற்ற வேண்டியவை

டாட் (மார்புக்கு இடம் கொடுக்கப் பிடிக்கும் தையல் மடிப்பு) பிடிக்க வேண்டாம். மார்புக்குத் தேவையான இடம் 46 சுற்றளவில் ஏற்கெனவே இருக்கிறது. முதுகில் யோக் (தோளின் குறுக்கே வரும் தனித் துண்டு) வைத்து, அதன் கீழே ஒரு பெட்டி மடிப்பு கொடுங்கள். அகலத் தோள்காரர் கையை நீட்டும்போது அது திறந்து இடம் கொடுக்கும், ஒடுங்கிய தோள்காரருக்கு மடிந்தே கிடக்கும்.

கைக்குழி ஆழமாக இருக்கட்டும். ஆண் சட்டைக்கு வெட்டும் இறுக்கமான கைக்குழியைப் பெண் போட்டால் மார்பின் பக்கவாட்டில் துணி இழுத்து ஒரு கோடு விழும். இந்தச் சட்டைக்கு நேராக 10 இஞ்ச் வைத்தேன்.

பக்கவாட்டில் ஓப்பன் கண்டிப்பாக வேண்டும். நோட்டுப் பக்கத்தில் சொன்ன அந்தத் தங்கை முதல் ட்ரையலுக்கு வந்தபோது கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் சட்டை தொடை மேல் ஏறி, வயிற்றருகே ஒரு மடிப்பு விழுந்தது. “அக்கா, நின்னா சரியா இருக்கு, உக்காந்தா மேல ஏறுது.” பக்கத் தையலைக் கீழிருந்து 7 இஞ்ச் பிரித்துவிட்டு மறுபடி உட்காரச் சொன்னேன். மடிப்பு போய்விட்டது. அண்ணனுக்கு அந்த ஓப்பன் ஒரு பொருட்டே இல்லை, முண்டின் மேல் விழுந்து கிடக்கும். ஓப்பனின் மேல் முனையில் ஒரு சின்ன பார் தையல் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது மாதம் கிழிந்து மேலே ஏறும்.

பட்டன் எந்தப் பக்கம் என்று ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். ஆண் சட்டையில் பட்டன் போடுபவரின் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். பெண் சட்டையில் நேர்மாறு. எந்தப் பக்கம் வைத்தாலும் ஒருவருக்கு முதல் இரண்டு நாள் விரல் தடுமாறும், அவ்வளவுதான். தடுமாற்றமே வேண்டாமென்றால் மார்பு வரை மட்டும் பட்டி வைத்துத் தலைவழியாகப் போடுவது போலத் தைத்துவிடலாம்.

பட்டன் பக்கத்தைவிட பட்டன் இடைவெளிதான் பெரிய விஷயம். பெரும்பாலான தையல்காரர்கள் கழுத்திலிருந்து மூன்றரை இஞ்சுக்கு ஒன்று என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டே போவார்கள். பெண் போட்டால் இரண்டு பட்டனுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். முதல் ட்ரையலில் பெண்ணை நிற்கவைத்து, மார்பின் மிக உயர்ந்த இடத்துக்கு நேராகப் பட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் பட்டன் அங்கே. மற்றவை அதிலிருந்து மேலும் கீழும் சம இடைவெளியில். ஆணுக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

காலர், பெரிய கழுத்தின் அளவில் பட்டிக் காலர். மேல் பட்டனைப் போடாமல் விட்டாலும் நிற்கும். மார்புப் பாக்கெட் வேண்டாம், பக்கத் தையலில் இரண்டு பாக்கெட் வையுங்கள். எத்தனையோ வடிவம் தைத்துவிட்டேன், பெண்கள் கண்ணில் அதிக வெளிச்சம் வருவது அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போதுதான்.

5. இடுப்புக்குக் கீழே

பேண்டைப் பகிர்வது கஷ்டம். இடையிலிருந்து கால் பிரியும் இடம் வரையிலான உயரமும் சீட்டும் ஆளுக்கு ஆள் மாறும், எலாஸ்டிக் போட்டாலும் பாதிதான் சரியாகும். முண்டோ கைலியோ எடுத்துக்கொள்ளுங்கள். தைக்காத துணிக்கு அளவே கிடையாது. ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே ஒரே துண்டுத் துணியில் உடை என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வேலை செய்தார். நம் பக்கத்தில் அதைக் கொடியில் காயப்போட்டிருக்கிறோம்.

புதிதாகக் கட்டும் பெண்களுக்கு முண்டு நழுவும் என்ற பயம் இருக்கும். உள்ளே பருத்திப் பாவாடையோ லெகின்ஸோ போட்டு, முனையை அதன் நாடாவுக்குள் செருகச் சொல்லுங்கள். வழுவழுப்பான உள்பாவாடை வேண்டாம், அதுதான் வழுக்கும்.

6. சென்ட்: லேபிளை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள்

பாட்டிலில் ‘பூர் ஓம்’ என்றால் ஆணுக்கு, ‘பூர் ஃபாம்’ என்றால் பெண்ணுக்கு. இது உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றிச் சொல்வது குறைவு, கடையில் எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று சொல்வதுதான் அதிகம். லாவெண்டர், கூமரின், ஓக் பாசி சேர்ந்த ‘ஃபூஜேர்’ வகை நமக்கு சலூன் ஆஃப்டர்ஷேவை நினைவூட்டும், அதனால் ஆண் வாசனை என்கிறோம். ரோஜா என்றால் பெண் வாசனை என்கிறோம். ஆனால் துபாயிலிருந்து வரும் நம் மாமாக்கள் ரோஜாவும் ‘ஊது’ என்ற அகில் கட்டை வாசனையும் கலந்ததைத்தான் தாடியில் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள். வளைகுடாவில் அது ஆண்கள் தாராளமாகப் பூசும் வாசனை. எந்த ஊர் மூக்கு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இருவருக்கும் பொதுவாகத் தேடுபவர்களை நான் மூன்று பக்கமாக அனுப்புவேன்.

ஒன்று, எலுமிச்சை வகையும் தேநீர், கஸ்தூரி வகையும் சேர்ந்த லேசானவை. 1994-ல் கால்வின் க்ளைன் வெளியிட்ட ‘சிகே ஒன்’ இதில் எல்லோருக்கும் தெரிந்தது. தொடங்கும்போதே இருபாலருக்கும் என்று சொல்லி விற்றார்கள். யாரையும் தொந்தரவு செய்யாது, ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

இரண்டு, வேரும் மசாலாவும். வெட்டிவேர், ஏலம், இஞ்சி, மிளகு. என் சொந்தத் தேர்வு இந்தப் பக்கம்தான். ஹெர்மேஸ் 2008-ல் கொண்டுவந்த ‘அன் ஜார்தான் ஆப்ரே லா மூஸோன்’ கேரளத்து மழைக்குப் பிந்தைய மண்ணை நினைத்து ழான்-க்ளோத் எல்லேனா செய்தது. ஏலமும் இஞ்சியும் வெட்டிவேரும் தண்ணீர் போன்ற ஒரு குளிர்ச்சியும் இருக்கும். அதே நிறுவனத்தின் ‘டெர் தெர்மேஸ்’ ஆண்கள் அலமாரியில் இருக்கும், ஆனால் ஆரஞ்சும் வெட்டிவேரும் சேர்ந்த அந்த வாசனையைப் பெண் பூசினால் எந்த விதத்திலும் உறுத்தாது. அலமாரியைத் தாண்டிப் போய் முகர்ந்து பாருங்கள்.

மூன்று, கட்டை. சந்தனம், தேவதாரு. லெ லாபோவின் ‘சாந்தால் 33’ இந்த வகையில் பேர் பெற்றது, விலை கையைக் கடிக்கும். நம் ஊரில் நெற்றியில் சந்தனம் வைக்கும்போது ஆண் சந்தனம், பெண் சந்தனம் என்று யாரும் கேட்டதில்லை. உடுமலை வழியாக ஏறினால் மறையூரில் சந்தனக் காடே இருக்கிறது. அதனால் இந்த வாசனைக்கு நம் மூக்கைப் பழக்க வேண்டிய வேலை இல்லை.

எஸ்சென்ட்ரிக் மாலிக்யூல்ஸின் ‘மாலிக்யூல் 01’ பற்றிக் கேட்பார்கள். அதில் இருப்பது ‘ஐசோ ஈ சூப்பர்’ என்ற ஒரே ஒரு வாசனைப் பொருள். சிலர் மூக்குக்கு அது தெரிவதே இல்லை. இருவரும் சேர்ந்து போய் முகராமல் வாங்கினால் ஒருவர் வெறும் சாராயத்தைப் பூசிக்கொண்டிருப்பதாக நினைப்பார்.

7. தோலில் சோதிக்கும் வரிசை

கடையில் காகிதப் பட்டியில் முகர்வது வேண்டாததைக் கழிக்க மட்டும். காகிதத்துக்குச் சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதில் நன்றாக இருந்த மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நடையில் பத்தை முகர்ந்தால் மூக்கு ஓய்ந்துவிடும். கடைக்காரர் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார், அதுவும் இன்னொரு கடுமையான வாசனைதான். உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள், இல்லாவிட்டால் வாசலில் போய் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

பிறகு ஒரு நாளைக்கு ஒரு சென்ட். இருவரும் அன்று வாசனை இல்லாத சோப்பில் குளித்து, ஒரே நேரத்தில், மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரம் எதற்கென்றால், ஒருவர் காலையிலும் இன்னொருவர் சாயங்காலமும் பூசினால் நீங்கள் ஒப்பிடுவது வெயிலையும் நிழலையும்தான், தோலை இல்லை. வழக்கமாகத் தேங்காய் எண்ணெய் தடவுபவர் அன்றும் தடவிக்கொள்ளட்டும். தினமும் அதன் மேல்தானே சென்ட் படப்போகிறது.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறு நொறுங்கிவிடும் என்று சொல்வது கதை. சூடு ஏறி மேல் வாசனை சட்டென்று பறந்துவிடும் என்பதுதான் காரணம்.

மூன்று முறை முகர்ந்து நோட்டில் எழுதுங்கள். 15 நிமிஷத்தில் மேல் வாசனை அடங்கியிருக்கும். இரண்டு மணி நேரத்தில் நடு வாசனை. ஆறு மணி நேரத்தில் அடியில் தங்குவது. கடையில் அடித்தவுடன் பிடித்துப்போய்க் காசு கொடுப்பவர்கள் அந்த முதல் 15 நிமிஷத்தை மட்டும் வாங்குகிறார்கள். மேலே சொன்ன அண்ணன் தங்கைக்கு எலுமிச்சை வகை ஒன்று காகிதத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் தங்கை தோலில் இனிப்பாக நின்றது, அண்ணன் தோலில் அடையாளமே இல்லை. அவனுக்கு வறண்ட தோல். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் ஓடிவிடும். வெட்டிவேர் வகை இருவரிடமும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் இருந்தது, ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் ஒரே குடும்பம் என்று சொல்லும்படி. அது போதும். இருவர் மேலும் அச்சடித்தாற்போல் ஒன்றாக மணக்கும் சென்ட் கிடையாது.

கடைசி நாள், தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சோதியுங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் ஒரு கை தூரத்தில் நின்று முகரட்டும். நம் மூக்கு நம் வாசனைக்கு அரைமணியில் பழகிவிடும், அதை நம்பி அளவு முடிவு செய்ய முடியாது. தோல் சிவந்தாலோ அரித்தாலோ, ஒருவருக்கு மட்டும்தான் என்றாலும், அந்தச் சென்ட் கழிந்தது.

8. எவ்வளவு, எங்கே

‘ஓ து துவாலெட்’ என்றால் வாசனைச் சாறு ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், ‘ஓ து பர்ஃபம்’ என்றால் 15 முதல் 20. கடையில் ஈடிடி, ஈடிபி என்பார்கள். முதலாவதை மூன்று தடவை அடித்தால் போதும், இரண்டாவதை இரண்டு தடவை. ஏப்ரல் மாதத்தில் அதிலும் ஒன்றைக் குறையுங்கள், சூட்டில் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். பாலக்காட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எட்டு தடவை அடித்துக்கொண்டு வந்தால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி.

கழுத்தின் பக்கவாட்டு, முழங்கை மடிப்பு, சட்டைக்கு உள்ளே மார்பு. எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய் உள்ளதை வெயில் நேராகப் படும் தோலில் பூசாதீர்கள், பெர்கமாட்டில் வெயில் பட்டால் தோலைக் கறுக்கவைக்கும் பொருள் இருக்கக்கூடும்.

கசவின் (முண்டின் ஜரிகைக் கரை) மேல் ஒருபோதும் அடிக்காதீர்கள். என் அம்மாவின் செட்டுமுண்டில் நான் அடித்த ஒரு அடி, கசவில் ஐந்து பைசா அளவுக்குக் கறுத்துப்போய் இன்னும் இருக்கிறது. அத்தருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது எண்ணெய், வெள்ளைத் துணியில் பட்டால் மஞ்சள் திட்டு நிற்கும். காதுக்குப் பின்னால் ஒரு தொடுதல், விரலைத் துடைத்துவிட்டு அப்புறம் சட்டையைத் தொடுங்கள்.

தலையில் மல்லிகை வைக்கும் நாளில் சென்ட் பாதி. இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். கனமான ஊது வகையென்றால் அன்று வேண்டவே வேண்டாம்.

9. காசு கொடுக்கும் முன்

வெளிநாட்டு பாட்டிலென்றால் அட்டையில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவு எண், எம்ஆர்பி இருக்க வேண்டும். பாட்டிலின் அடியில் உள்ள பேட்ச் எண்ணும் அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். இவை இல்லாமல் பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கி எனக்குப் பழக்கம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் பெரிய பாட்டில் வேண்டாம், 30 மில்லி போதும். வாங்கியதைக் குளியலறையிலும் ஸ்கூட்டர் பெட்டியிலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் வாசனையைக் கெடுக்கும், உள்ளே இருப்பது எரியும் சாராயம் வேறு. பீரோவில் அட்டைக்குள்ளேயே இருக்கட்டும்.

10. கை மாறும்போது

ஒருவர் போட்டு இன்னொருவருக்குப் போகும் முன் சட்டையைத் துவைத்தே ஆக வேண்டும், ஒரு மணி நேரம் போட்டிருந்தாலும். அக்குளில் தங்கிய பழைய சென்ட்டின் அடி வாசனை மேல் புதிதாக அடித்தால் இரண்டும் கலந்து புளிப்பாக ஒரு நாற்றம் வரும், சென்ட்தான் கெட்டுப்போச்சு என்று நினைப்பீர்கள். அக்குள் பகுதியைச் சோப்பு போட்டு அரைமணி ஊறவைத்து, பிறகு சட்டையை அலசுங்கள். வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். வெள்ளைச் சட்டையில் அக்குளில் மஞ்சள் படிவது பெரும்பாலும் வியர்வையும் டியோடரன்டில் உள்ள அலுமினியமும் சேர்ந்து வருவது, டியோடரன்ட் காய்ந்த பிறகு சட்டையைப் போட்டால் பாதி குறையும்.

மடித்து வைக்கும்போது நடுவில் ஒரு பிடி காய்ந்த வெட்டிவேரைத் துணியில் முடிந்து வையுங்கள். சென்ட் வெட்டிவேர் வகையாக இருந்தால் மட்டும். வேறு வகையென்றால் வேப்பிலை போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இருவரையும் மறுபடி ஸ்டூலில் உட்காரவைத்து சீட் அளவு எடுத்துப் பாருங்கள். பக்கத் தையலில் உள்ளே நான் எப்போதும் முக்கால் இஞ்ச் விட்டுத்தான் தைப்பேன், பிரித்தால் இடம் கிடைக்கும்.